பழைய ஸ்போர்ட்ஸ் காரும் அதன் காகிதங்களும்

திருப்பூர்க்காரர்களுக்குப் பழைய சாமான் வாங்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஜெர்மனியில் பத்து வருடம் ஓடிய வட்ட நிட்டிங் மெஷினைக் கப்பலில் இறக்கி, சிலிண்டரைத் தடவிப் பார்த்து, ஊசியையும் சிங்கரையும் மாற்றி, இன்னும் பல வருடம் துணி ஓட்டிக் காட்டிய ஊர் இது. மெஷின் விற்க வந்தவர் டீ குடித்து முடிப்பதற்குள் அது எத்தனை ஷிப்ட் ஓடியது என்று சொல்லிவிடுகிற ஆட்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் உண்டு. ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்று வந்தால் மட்டும் அந்தப் பொறுமை எங்கோ போய்விடுகிறது. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, சைலன்ஸர் சத்தம். அவ்வளவுதான், அட்வான்ஸ் கைமாறிவிடும்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சு வழியில் படித்தவன். அரசாங்கத்தில் எழுத்தராக முப்பத்து மூன்று வருடம் கோப்பு கட்டிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு மகன் வீட்டோடு இங்கே வந்து சேர்ந்தேன். எனக்குத் தெரிந்தது காகிதம். நம் நாட்டில் வேகமான பழைய காரின் விலையை இன்ஜினை விடக் காகிதம்தான் அதிகம் தீர்மானித்து வந்திருக்கிறது என்பது என் எண்ணம். அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன்.

நாம் ஆர்.சி. புத்தகம் என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கார்த் கிரீஸ்' என்பார்கள். சாம்பல் நிற அட்டை என்று பொருள். காரை விற்றால் அந்த அட்டையின் குறுக்கே கோடு போட்டு, விற்ற தேதியை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அங்கே காரின் பலத்தை 'வரிக் குதிரை' என்ற கணக்கிலும் அளப்பார்கள். ஓடுகிற குதிரை வேறு, வரி கட்டுகிற குதிரை வேறு. சிறு வயதில் புதுச்சேரியில் நாங்கள் 'தெ ஷ்வோ' என்று சொல்லிப் பழகிய சித்ரோயென் காரின் பெயரே 'இரண்டு குதிரை' என்பதுதான், அதுவும் வரிக் குதிரை. போருக்குப் பிறகு குதிரை கூடக் கூட வரியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 1956இல் முதியோர் நிதிக்காக என்று வருடாவருடம் கண்ணாடியில் ஒட்டும் வரிச் சீட்டு ஒன்றும் வந்தது. (என்னைப் போன்ற பென்ஷன்காரர்களுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.) தெலாஹே, தல்போ போன்ற பெருமைமிக்க வேகக் கார் கம்பெனிகள் அந்தப் பத்தாண்டிலேயே படுத்துவிட்டன. வரி மட்டுமே காரணமில்லை, ஆனாலும் பெரிய இன்ஜின் வைத்த பழைய காரை வாங்க ஆள் இல்லாமல் போனதற்கு அதற்கு நல்ல பங்கு உண்டு.

நம் பக்கம் வேறு மாதிரி. இங்கே வரிக்கு முன்னால் அனுமதிதான் தடை. 1991க்கு முன் ஒரு சாதாரண ஆள் வெளிநாட்டுக் கார் வாங்குவதென்றால் பெரும்பாலும் ஒரே வழி: தூதரகக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போகிற வண்டிகளை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் டெண்டர் விட்டு விற்கும். மூடிய உறையில் விலை எழுதிப் போட வேண்டும். வண்டியின் வயதோ இன்ஜினின் நிலையோ பெரிய விஷயமில்லை. 'இறக்குமதி முறைப்படி நடந்தது' என்ற காகிதம் கூடவே வருகிறதே, அதற்குத்தான் விலை. அந்தக் காகிதம் இருந்தால் பத்து வருடம் ஓட்டிவிட்டு வாங்கிய விலைக்கே விற்கலாம். வேறு எந்த நாட்டில் பழைய கார் அப்படி விலை போயிருக்கும்?

பந்தயக் கார்களின் கதை இதைவிட ருசியானது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுபாதை இருந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. ஹெரால்டும் ஃபியட்டும் ஓடிய அதே பாதையில் லோட்டஸ், ஷெவ்ரான் போன்ற சீமைப் பந்தயக் கார்களும் ஓடின. விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து ஓட்டினார். இவையெல்லாம் ஐரோப்பாவில் வேலை முடிந்த கார்கள். அங்கே விதி மாறினால் போன வருடத்துப் பந்தயக் கார் மறு வருடம் வெறும் இரும்பு. இங்கே அதற்கு இன்னொரு ஆயுள் கிடைத்தது. ஆனால் ஒரு சிக்கல்: கியர்பாக்ஸில் ஒரு பல் உடைந்தால் அடுத்த பந்தயம் வரை கார் கொட்டகையில்தான். உதிரிபாகம் கடல் தாண்டி வர வேண்டும், அதற்கும் அனுமதி வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் நம் பக்கத்து மனிதர், கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பத்து கரிவரதன். மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை ஆள் உட்காரும் ஃபார்முலா மாருதி காரை 1988இல் கொண்டுவந்தார். ஐரோப்பியர் அதைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். ஆனால் அந்த இன்ஜினுக்கான சாமான் உங்கள் தெருமுனைக் கடையில் கிடைக்கும். உடைந்தால் அன்றைக்கே ஓட்டலாம், பழசானால் அடுத்தவனுக்கு விற்கலாம், வாங்கினவனும் ஓட்டலாம். பழைய வேகக் காருக்கு விலை நிற்க வேண்டும் என்றால் அதன் உதிரிபாகம் பக்கத்தில் கிடைக்க வேண்டும் என்பதை அவர் செய்தே காட்டிவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். 1995இல் சிறு விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் 2003இல் திறந்த பந்தயத்தடத்துக்கு அவர் பெயர்தான். அதே கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1இல் ஓட்டினார்.

தாராளமயம் வந்த பிறகு அனுமதிச் சிக்கல் தளர்ந்தது, வரிச் சிக்கல் வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும், 2002இல் சச்சின் டெண்டுல்கர் பிராட்மனின் 29 சதங்களைத் தொட்டதற்காக ஃபியட் கம்பெனி ஃபெராரி 360 மொடேனா ஒன்றைப் பரிசளித்தது. சுங்க வரியைத் தள்ளுபடி செய்ததும் ஊரெல்லாம் பேச்சு, கோர்ட்டில் வழக்கு. கடைசியில் 1 கோடியே 13 லட்சம் ரூபாயை ஃபியட்டே கட்டியது. 2011இல் அந்தக் காரை சூரத் தொழிலதிபர் ஒருவருக்கு விற்றார்கள். வரி கட்டாமலே இருந்திருந்தால் அதை நிம்மதியாகக் கைமாற்றியிருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது என் சொந்த ஊர் விஷயத்துக்கு வருகிறேன். கேரளாவில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம் வரி இருந்த காலத்தில், புதுச்சேரியில் அதில் ஒரு சிறு பங்குதான். கோடி ரூபாய் கார் என்றால் வித்தியாசம் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். 2017இல் விவகாரம் வெடித்தது. பெரிய பெரிய ஆட்களின் கார்கள் புதுச்சேரி விலாசத்தில் பதிவாகியிருந்தன. பலர் அந்த விலாசத்தில் ஒரு நாள் கூடக் குடியிருந்ததில்லை. அந்தத் தெருக்களில் நடந்து வளர்ந்தவன் நான். செய்தியில் ஒவ்வொரு விலாசமாக வந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. இதற்கு முன்பே, 2013 மார்ச்சில், வரி ஏய்த்து இறக்குமதியான கார்களைத் தேடி சிபிஐ சென்னையில் பல இடங்களில் சோதனை போட்டது. 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை, பூட்டான் வழியாக வந்ததாகச் சந்தேகித்த பழைய கார்களைப் பறிமுதல் செய்தது. இந்தக் கதைகளில் எல்லாம் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தப்புச் செய்தவர் முதல் ஆள். அதிகாரி வந்து நிற்பதோ கடைசியாக வாங்கியவர் வீட்டு வாசலில்.

போன கார்த்திகையில் எங்கள் தெருவில் காம்பாக்டிங் யூனிட் நடத்தும் தம்பி ஒருவர் வந்தார். 2011 ஜனவரியில் நொய்யல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அதில் இவர் அப்பாவின் பட்டறையும் ஒன்று. அப்போது வீட்டுக் கார், வேன் இரண்டையும் வந்த விலைக்குத் தள்ளினார்கள். அதிலிருந்து எழுந்து வந்த குடும்பம். "ஏனுங்க ஐயா, ஒரு வண்டி பாத்திருக்கறனுங்க. மெக்கானிக் பாத்துட்டு இன்ஜின் தங்கம்ங்கறாரு. நீங்க புக்கைக் கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்றார். ஜெர்மன் கம்பெனியின் இரண்டு சீட்டு கார். எட்டு வருடத்தில் ஓடியது வெறும் 11,000 கிலோமீட்டர். கேட்ட விலை 34 லட்சம். அப்பா காலத்து இடத்தை விற்ற பணத்தில் இவர் பங்கு ஏறக்குறைய அவ்வளவுதான்.

காகிதத்தை ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். பி.ஒய். 01 பதிவு. விலாசம் ஒரு வாடகை வீட்டு மாடி. ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அப்படியே நிற்கிறது. கடன் தீர்ந்தது என்று வாயால் சொல்கிறார்கள், படிவம் 35 இல்லை. விற்பவர் ஆர்.சி.யில் உள்ளவரே இல்லை. அவரிடமிருந்து வாங்கி, பெயர் மாற்றாமலே வைத்திருக்கும் இரண்டாம் ஆள். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவம் 29, 30 இரண்டும் ஒரு கவரில் இருந்தன. தேதி இல்லை.

அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பதிவு செய்த இடத்திலிருந்து தடையில்லாச் சான்று இல்லாமல் வேறு மாநிலக் காரைத் தொடக்கூடாது. அது வந்தாலும் இங்கே வயதுக்கேற்ப ஆயுட்கால வரி கட்ட வேண்டும். 2023 நவம்பருக்குப் பிறகு 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கே தமிழ்நாட்டில் 20 சதவீதம் என்பதை மனதில் வைத்துப் பேரம் பேச வேண்டும். டில்லியிலிருந்து வரும் கார்கள் மலிவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அங்கே டீசலுக்குப் பத்து வருடம், பெட்ரோலுக்குப் பதினைந்து வருடம்தான் ஆயுள் என்று தீர்ப்பாகியிருந்தது. பதினைந்து வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000. அதன் பிறகு இன்னும் ஏற்றினார்கள்.

குறைந்த கிலோமீட்டர் என்றால் நல்ல வண்டி என்று நினைப்பதும் சரியல்ல. இதை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆறு மாதம் சும்மா நின்ற நிட்டிங் மெஷினின் ஊசி எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியும். நின்ற காரில் ரப்பர் சீல் காய்ந்துபோகும், பெட்ரோல் கெட்டுப்போகும். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2317 என்றிருந்தால் 2017ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் அது கிழட்டு டயர்தான். அந்த வேகத்தில் போகிற காருக்கு அது ஆபத்து. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய விலையுயர்ந்த கார்கள் எத்தனையோ ஏலத்தில் போயின, துடைத்து மெருகேற்றிய பின் பார்த்தால் யாருக்கும் தெரியாது. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தால் அடியில் சேறு கறை காட்டிக்கொடுக்கும். இதெல்லாம் கோவையில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயர் மாறும் வரை சட்டப்படி நீங்கள்தான் உரிமையாளர். வாங்கியவர் எங்கோ இடித்தால் நஷ்ட ஈடு உங்கள் தலையில் விழும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அட்டையில் போடுகிற அந்தக் குறுக்குக் கோட்டின் அருமை அப்போது புரியும்.

இன்னொரு கணக்கும் உண்டு. முழுசாக இறக்குமதியாகும் காரின் விலையில் சரிபாதிக்கும் மேல் வரி. நாளை அரசாங்கம் அந்த வரியைக் குறைத்தால், உங்கள் கொட்டகையில் நிற்கும் காரின் விலையும் அன்றைக்கே இறங்கும். 2025 ஜூலையில் இங்கிலாந்தோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கை வரை அந்நாட்டுக் கார்களுக்கான சுங்க வரியை 100 சதவீதத்துக்கும் மேலிருந்து படிப்படியாக 10க்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர் பனியன் அங்கே வரியில்லாமல் போகும் என்று எக்ஸ்போர்ட்காரர்கள் சந்தோஷப்பட்டது அதே ஒப்பந்தத்துக்குத்தான். பழைய ஆங்கிலேயக் காரை முதலீடு என்று நினைத்து வாங்கி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும்.

தம்பி அட்வான்ஸ் கொடுக்கவில்லை. கடன் தீர்ந்த கடிதமும் படிவம் 35ம் கொண்டுவந்தால் பேசலாம் என்று சொல்லி அனுப்பினார். பொங்கல் வரை வரவில்லை. மாசியில் அதே ஆள் கூப்பிட்டு 30க்குத் தருகிறேன் என்றாராம், கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. இப்போது கோவையில் ஒன்று வந்திருக்கிறதாம், டி.என். 37, ஒரே உரிமையாளர், சர்வீஸ் புத்தகம் முழுக்க முத்திரை. விலை கொஞ்சம் கூடுதல். ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு சீட்டு காரில் திரும்பி வரும்போது யார் பஸ்ஸில் வருவது என்பது இன்னும் முடிவாகவில்லை.