தறியில் மிஞ்சிய பிடி: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுபவர் துடுப்பைப் பிடிப்பது ஒரு விதம். அதே ஊர்க் கோயிலில் ஆண்டாளின் கைக்கு அன்றாடம் இலைக்கிளி கட்டுபவர் மாதுளம்பூவை அலகாகச் செருகுவது வேறு விதம். முன்னதில் விரல்களும் உள்ளங்கையும் சேர்ந்து இறுக்குகின்றன. பின்னதில் பெருவிரல் நுனி மற்ற விரல் நுனிகளை எதிர்கொள்கிறது. 1956இல் உடற்கூறியலாளர் ஜான் நேப்பியர் இவற்றை வலுப்பிடி, நுண்பிடி என வகுத்தார். பிடியைத் தீர்மானிப்பது பொருளின் வடிவமோ பருமனோ அல்ல, செய்யவிருக்கும் வேலைதான் என்பது அவர் வாதம். இறுகிய போத்தல் மூடியைத் திருகத் தொடங்கும்போது வலுப்பிடி, தளர்ந்தபின் நுண்பிடி. மூடி என்னவோ அதேதான்.

நெசவை இந்த வகைப்பாட்டோடு சேர்த்துப் பார்க்கலாம். பழைய குழித்தறியில் நாடாவை ஒரு கை எறிய, மறு கை வாங்கும். கையெட்டும் தூரமே துணியின் அகலம். ஜான் கே 1733இல் காப்புரிமை பெற்ற விசைநாடா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத் தறிகளில் பரவியது. அதன்பின் நாடாவைக் கையால் எறிய வேண்டியதில்லை. ஒரு கை கயிற்றை வெட்டி இழுக்கும், மறு கை பலகையை அடிக்கும், இரண்டும் வலுப்பிடி. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை நிறுவினார். நூற்பு ஆலைக்குள் போனது. இன்று சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளில் அந்த இழுப்பும் அடிப்பும் மோட்டாருடையவை. கைக்கு மிஞ்சியது தார் மாற்றுவதும், அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுவதும். மோட்டார் எடுத்துக்கொண்டது வலுப்பிடியை. நுண்பிடியை அது தொடவில்லை. கைவேலையே ஒழிந்துவிட்டது என்று புலம்புவோர் இதைக் கவனிப்பதில்லை.

முடிச்சுக்கு வேண்டிய உடற்கூறு எளிதல்ல. பெருவிரலின் அடிமூட்டு குதிரைச் சேணம்போல அமைந்தது; முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசைவதோடு சற்றே சுழன்று மற்ற விரல்களைப் பார்த்துத் திரும்பும். விரல்களின் நடுமூட்டும் நுனிமூட்டும் கதவுக் கீல்கள், மடங்கவும் நீளவும் மட்டும் தெரிந்தவை. இழையை நுனியில் பிடிக்க, விரல் உள்ளங்கையோடு சேரும் கணு மடங்க வேண்டும். அதே நேரத்தில் மற்ற இரு மூட்டுகளும் சுருண்டுவிடக் கூடாது. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. இந்த நுட்பமான சமநிலையைக் காப்பவையோ உள்ளங்கைக்குள் ஒளிந்திருக்கும் சிறு தசைகள்.

இந்த வேறுபாட்டின் முழுப் பொருளும் தமிழ்நாட்டில் தொழுநோயாளிகளின் கைகளில் வெளிப்பட்டது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனைக் காணச் செங்கல்பட்டு போனபோது, விரல் சுருண்ட ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து இறுக்கச் சொன்னார். வலி தாங்கவில்லை. செத்ததென்று நினைத்த கையில் இத்தனை பலம்! முழங்கையருகே உல்நார் நரம்பு கெட்டதால் உள்ளங்கைச் சிறு தசைகள்தான் முடங்கியிருந்தன. முன்கைத் தசைகள் பெரும்பாலும் பிழைத்திருந்தன. வலுப்பிடி எஞ்சி, நுண்பிடி போன கை அது. தறியில் நடந்ததற்கு நேர் எதிர்.

பிழைத்த தசை ஒன்றின் நாணைப் பிராண்ட் விரல்களுக்குத் திருப்பித் தைத்தார். பழைய வேலையை மறந்து புதியதைச் செய்ய அத்தசைக்குப் பயிற்சி வேண்டியிருந்தது. 1952இல் லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் இதைப் பற்றி ஹண்டேரியன் சொற்பொழிவு ஆற்றினார்.

அறுவை சிகிச்சை அசைவைத் தந்ததே தவிர உணர்ச்சியைத் தரவில்லை. உணர்ச்சியற்ற விரல் தேவைக்கு மேல் இறுக்கும், புண்ணாகும். எதைப் பிடித்தாலும் கண்தான் காவல். சத்திரப்பட்டித் தறிக்கூடத்தில் முடிச்சுப் போடுபவரின் கண்ணோ அடுத்த தறியில் இருக்கும்.