இரண்டு தவளை இதயங்கள்

1/ ப்ளஸ் டூ உயிரியல்ல "செல்கள் வேதிப்பொருள் மூலம் பேசிக்கொள்ளும்"னு ஒரே வரியில படிச்சிருப்போம். அந்த வரி வந்த கதை இது.

2/ நரம்பு இதயத்துக்குக் கட்டளை தருவது மின்சாரத்தாலா, வேதிப்பொருளாலா? ஆராய்ச்சியாளர்களிடையே பெரிய சண்டை.

3/ ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம். ஓட்டோ லோவிக்கு ஒரு சோதனை கனவில் வந்தது. எழுந்து கிறுக்கி வைத்தார். காலையில் தன் கையெழுத்தே புரியல! மறுநாள் ராத்திரியும் அதே கனவு. நேரா ஆய்வகம் போயிட்டார்.

4/ துடிக்கும் இரண்டு தவளை இதயங்கள். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அதிலிருந்த உப்புக் கரைசலை நரம்பு நீக்கிய இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! 1921-ல் முடிவுகள் வெளியாயின. அந்தப் பொருள்தான் அசிடைல்கோலின்.

5/ 1936-ல் ஹென்றி டேலுடன் நோபல். 1938-ல் யூதர் என்பதால் நாஜிகள் சிறைபிடித்தார்கள். பரிசுப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் வெளியேற விட்டார்கள்.

6/ பூச்சிமருந்து விஷத்தோட வர்றவங்களுக்கு இதே அசிடைல்கோலின்தான் உடையாம தேங்கி நிற்கும். எச்சில் வழியும், கண்பாவை சுருங்கும், இதயம் மந்தமாகும். அட்ரோபின் ஏத்திட்டு மானிட்டரைப் பார்த்துட்டு நிப்போம். துடிப்பு ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டாவது தவளை இதயம்தான் ஞாபகம் வரும்.