பன்றி மயிரும் பட்டும் ஒரே சொல்லா?

மண்புழுவின் உடம்பை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தால் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். கைட்டின் சேர்ந்த குட்டிக் குட்டி முட்கள்தான் காரணம். புழு நகரும்போது மண்ணைப் பிடித்துக்கொள்ள உதவுபவை இவைதான். உயிரியலில் இவற்றுக்கு இரண்டு பெயர்கள்: 'சீட்டா', 'கீட்டா'. எழுத்துப்பிழை இல்லை நண்பர்களே, இரண்டும் வேறு வேறு சொற்கள்!

கீட்டா கிரேக்கத்தில் இருந்து வந்தது. 'கைத்தே' என்றால் நீண்டு தொங்கும் கூந்தல், குதிரையின் பிடரி மயிர். 1850-ல் அடோல்ஃப் எடுவார்ட் குரூபே என்ற ஜெர்மன் விலங்கியலாளர் வளையப் புழுக்களைப் பிரித்தபோது இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். முட்கள் நிறைய இருந்தால் பாலிகீட்டா (பாலி = பல), குறைவாக இருந்தால் ஆலிகோகீட்டா (ஆலிகோ = சில). மண்புழு இரண்டாவது வகை. ஐரோப்பாவின் லம்ப்ரிகஸ் மண்புழுவுக்கு ஒரு கண்டத்தில் 8 முட்கள்தான். அர்த்தம் தெரிந்துவிட்டால் மனப்பாடம் எதற்கு?

சீட்டா லத்தீன். பன்றி போன்ற விலங்குகளின் விறைப்பான மயிருக்கு ரோமானியர்கள் வைத்த பெயர். காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், இந்தச் சொல்லுக்குள் ஒரு வியாபாரக் கதை இருக்கிறது. கிழக்கே வெகுதூரத்தில் இருந்து வந்த பட்டை, அதை அனுப்பிய 'சேரெஸ்' மக்களின் பெயரால் 'சேரிக்கா' என்றார்கள். பட்டு இழை 'சேத்தா சேரிக்கா', அதாவது சேரெஸ் நாட்டு மயிர். காலப்போக்கில் இரண்டாவது சொல் உதிர்ந்துபோக, 'சேத்தா' என்றாலே பட்டு என்றாகிவிட்டது! இன்றைக்கும் இத்தாலியனில் பட்டுக்குப் பெயர் சேத்தாதான். பிரெஞ்சில் 'சுவா' என்பது பட்டையும் குறிக்கும், பன்றி மயிரையும் குறிக்கும்.

நம் ஊர்த் தினையும் இந்தக் குடும்பத்தில் உண்டு. தினைக் கதிரில் மணிகளுக்கு நடுவே மயிர் மயிராக நீட்டிக்கொண்டிருக்குமே, அதை வைத்துத்தான் அதன் பேரினத்துக்கு 'செட்டேரியா' என்று பெயர். 1812-ல் பலிசோ தெ போவா என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் லத்தீன் சீட்டாவில் இருந்து உருவாக்கிய பெயர் அது.

புழு, பன்றி, பட்டு, தினை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கையும் ஒரு சின்னச் சொல் கட்டி வைத்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் வாயில் நுழையாத பெயர் வந்தால் பயப்பட வேண்டாம். அதை முதலில் சொன்னவரும் கண்ணால் பார்த்ததைத் தன் மொழியில் சொன்னவர்தான். 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.