அண்ணன் வைத்துவிட்டுப் போன டப்பா

அண்ணன் காலமாகி வரும் ஆடியோடு மூன்று வருஷம். சென்னைத் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலில் ஏறுகிற, இறங்குகிற சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலை. ராயபுரம் வீட்டு பீரோவில், அவருடைய வேட்டிகளுக்கு அடியில் ஒரு தகர டப்பா இருந்தது. நேவி கட் பைப் புகையிலை. எழுபதுகளில் ஒரு கப்பல் அதிகாரி அன்பாகக் கொடுத்தது. சீல் இன்னும் உடையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பைப் பிடிப்பார். ஆனால் இந்த டப்பாவைத் தொடமாட்டார். "இருக்கட்டும்டா, நாளாக ஆகத்தான் ருசி" என்பார்.

போன வாரம் அண்ணன் மகன் அதை எடுத்து வந்து, "சித்தப்பா, திறக்கலாமா, இன்னும் வைக்கலாமா?" என்று கேட்டான். உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. புகையிலையை வைத்திருப்பதற்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. தெரிந்தவரை எழுதுகிறேன்.

புகையிலை விளைகிற நம் ஊர்களில் 'பாடம் போடுவது' என்பார்கள். காய்ந்த இலையை அடுக்கிப் போர் மாதிரி மூடிவைத்தால் உள்ளே சூடு ஏறும். பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே வைத்து, மறுபடி அடுக்குவார்கள். வாரக்கணக்கில் இப்படியே நடக்கும். வேதாரண்யம் பக்கத்து வாய்ப்புகையிலைக்கு வெல்லத் தண்ணீரும் தெளிப்பதுண்டு. காட்டம் அடங்கி மணம் ஏறும். பச்சையாகக் காய்ந்த இலையை அப்படியே பிடித்தால் தொண்டை எரியும். ஆகவே புகையிலை என்றாலே கொஞ்ச காலம் வைத்திருந்த சரக்குதான்.

திண்டுக்கல் பக்கத்து இலை, உறையூரில் சுருட்டாகி உலகம் முழுக்கப் போனது. ஆங்கிலத்தின் 'செரூட்' நம் 'சுருட்டு'தான். 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்து அது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார்.

ஆனால் எல்லாப் புகையிலையும் வைத்திருக்க உகந்ததல்ல. மூக்குப்பொடியை எடுத்துக்கொள்ளுங்கள். இலையை வறுத்து, நெய்யும் சுண்ணாம்பும் சேர்த்து அரைப்பது. வாழைமட்டையில் ஈரப்பதத்தோடு கட்டித் தருவார்கள். காய்ந்தால் மணம் போச்சு. அதனால்தான் பொடி போடுகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார்கள்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1560 வாக்கில் போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ, கத்தரின் தெ மெதிசி ராணிக்குப் புகையிலையைத் தலைவலி மருந்தாக அனுப்பினார். நிக்கோட்டின் என்பது அவர் பெயர்தான். பிரான்சில் இன்றும் புகையிலைக் கடை வாசலில் சிவப்பாக ஒரு பலகை தொங்கும். பெயர் 'கரோத்', அதாவது கேரட். இலைகளை கேரட் வடிவத்தில் இறுக்கிக் கட்டி வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு துருவிப் பொடியாக்கிய காலத்தின் அடையாளம் அது. கட்டு முதிர்ந்துகொண்டே இருக்கும். பொடி மட்டும் அன்றன்றைக்குப் புதிது. சேமிப்பும் செலவும் ஒரே பொருளில்! நேவி கட்டும் இப்படிப் பிறந்ததுதான் என்பார்கள். மாலுமிகள் இலையில் ரம் தெளித்து, கயிற்றால் இறுக்கிச் சுற்றி வைத்து, வேண்டும்போது சீவிக்கொள்வார்களாம்.

இனி, அண்ணன் டப்பாவுக்கு வருவோம். பைப் புகையிலையில் வர்ஜீனியா இலைக்குச் சர்க்கரைச் சத்து அதிகம். சூடேற்றிய கொட்டகையில் பதமாகும்போதே அதில் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடுகிறது. காற்றுப் புகாத டப்பாவில் வருஷக்கணக்கில் கிடந்தால் நிறம் கறுத்து, ருசி கனிவதுண்டு. வாசனைத் திரவியம் சேர்த்த கலவைகளில் அந்த வாசனை போய்விடும். ஆக, அண்ணன் சொன்னது பாதி உண்மை.

ஒன்றை அவர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். குண்டூர்ப் பக்கம் விளையும் வர்ஜீனியா மாதிரியான இலையைக் கிடங்கில் ஓரிரு வருஷம் முதிரவிட்ட பிறகுதான் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். கடன் வாங்கிப் பயிரிட்டவனால் அத்தனை நாள் காத்திருக்க முடியாது. கிடங்கும் முதலும் உள்ளவன்தான் காத்திருக்கிறான். ஆனால் அவனுக்கும் ஒரு நாள் கணக்கு உண்டு. இந்த மாதம் பிரிக்க வேண்டும், இந்த வருஷம் விற்க வேண்டும் என்று கணக்கு வைத்துத்தான் பாடம் போடுவான். கணக்கில்லாமல் வைத்திருப்பது பாடம் ஆகாது. ஊர் சரக்கையெல்லாம் எண்ணிக் குறித்த அண்ணன், இந்த ஒரு டப்பாவுக்கு மட்டும் தேதி குறிக்கவில்லை.

அண்ணன் மகனுக்கு ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். வைத்திருந்தால் காட்டம் குறையலாம், கேடு குறையாது. ஐம்பது வருஷப் புகையிலையும் புகையிலைதான். நான் சிகரெட்டை விட்டு இருபத்திரண்டு வருஷமாகிறது. டப்பா கையில் இருந்தபோது, உண்மையைச் சொன்னால், ஒரு நிமிஷம் மூடியை நெம்பிப் பார்க்கலாமா என்று விரல் துடித்தது. அதனாலேயே அவனுக்குச் சொல்ல எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

அப்படியானால் என்ன செய்வது? விராலிமலை முருகனுக்குச் சுருட்டு வைத்துப் படைக்கிற வழக்கம் உண்டு. நம் வீடுகளிலும் இறந்தவருக்குப் பிடித்ததைப் படையலில் வைக்கிறோம். வடசென்னையில் எத்தனையோ வீட்டுப் படையல்களில் வடை, மீன் குழம்போடு சுருட்டும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வரும் ஆடியில் அண்ணன் திதி அன்று டப்பாவைத் திறப்பதாக முடிவு. அவருடைய பைப்பில் ஒரு சிட்டிகை அடைத்து இலைக்குப் பக்கத்தில் வைப்போம். யாரும் பற்றவைக்கப் போவதில்லை. அண்ணன் எண்ணாமல் விட்ட சரக்குக்கு ஒரு தேதி குறித்தாயிற்று. டப்பாவின் அடியில் அந்தத் தேதியை எழுதச் சொன்னேன்; அவன் பென்சிலால் எழுதியிருக்கிறான், அப்பா மாதிரியே சாய்வான எழுத்தில்.