கல்வாழை வந்த வழி

நம் பின்புறச் சுவரோரம் துணி துவைத்த தண்ணீர் போகும் பாத்தியில் உள்ள கல்வாழையை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்ற கோரிக்கை அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. செடி நடைபாதை வரை பரவிவிட்டது என்பது புகார். அது உண்மைதான். ஆனாலும் கை தூக்கும் முன், இந்தச் செடியை மக்கள் எதற்காக வளர்த்தார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

இலை வாழை போல இருக்கும், விதை கல் போல இருக்கும். ஆனால் இது வாழைக் குடும்பம் அல்ல. தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். ஆண்டிஸ் மலை மக்கள் இதை ‘அச்சிரா’ என்று சொல்லி, கிழங்கைச் சுட்டுச் சாப்பிட்டார்கள். வியட்நாமில் இதன் மாவில் இன்றும் கண்ணாடி போன்ற சேமியா செய்கிறார்கள். விதையின் உறுதிக்கு ஓர் உதாரணம்: அர்ஜென்டினாவில் ஒரு பழைய கிலுகிலுப்பைக்குள் கிடைத்த, சுமார் 600 ஆண்டுப் பழமையானது எனக் கணிக்கப்பட்ட விதை முளைத்தது.

16-ஆம் நூற்றாண்டில் இது ஐரோப்பாவுக்குப் போனது. 1753-இல் லின்னேயஸ் ‘கன்னா இண்டிகா’ என்று பெயரிட்டார். அங்கே இதைப் பூவுக்காகவே வளர்த்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் அருகே தியோடர் ஆனே புதிய கலப்பினங்களை உருவாக்கினார். பிறகு லியோன் நகரின் குரோசி, குட்டையான, பெரிய பூ பூக்கும் ரகங்களைத் தந்தார். இத்தாலியில் ஸ்ப்ரெங்கர், அமெரிக்கச் சதுப்பு நிலத்து இனம் ஒன்றைக் கலந்து இன்னும் பெரிய பூக்களைப் பெற்றார். நம் நாட்டில், 1820-இல் வில்லியம் கேரி கல்கத்தாவில் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தில் பெர்சி-லங்காஸ்டர் குடும்பத்தார் பல ரகங்களை உருவாக்கினார்கள். பூங்காக்களுக்கும் ரயில் நிலையப் பூப்பாத்திகளுக்கும் வந்தவை இப்படிப்பட்ட கலப்பினங்களே.

ஆனால் நம் ஊர்க் கொல்லைகளில் பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் இடத்தில்தான் வாழை, சேம்புடன் கல்வாழையையும் வைத்தார்கள். எப்போதும் ஈரமான இடத்தில் இதன் வேர் அழுகுவதில்லை. வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. தண்ணீரில் உள்ள சத்தைச் செடி எடுத்துக்கொள்கிறது. 1950-களில் ஜெர்மனியில் கேத்தே சைடல் நாணல் வகைகளை வைத்துச் செய்த சோதனைகளுக்குப் பிறகு, செடிகளால் கழிவுநீரைச் சுத்தம் செய்வது தனித் தொழில்நுட்பமாக வளர்ந்தது. வெப்ப நாடுகளில் அதற்கு அதிகம் பயன்படும் செடிகளில் கல்வாழையும் ஒன்று. சென்னையில் வேதியியலாளர் இந்துகாந்த் ராகடே, அடுக்குமாடிகளின் குளியல், துவையல் தண்ணீரைக் கல்வாழைப் பாத்தி வழியாக நிலத்துக்குள் அனுப்பும் எளிய முறையை எடுத்துச் சொன்னார்.

இந்த வேலையைச் செய்ய வைப்பது அதன் வேகமான வளர்ச்சிதான். நடைபாதைக்கு வருவதும் அதே வளர்ச்சிதான். அதனால்தான் சுத்திகரிப்புப் பாத்திகளைச் சுற்றுச்சுவர் கட்டி, ஜல்லி நிரப்பி அமைக்கிறார்கள். நம் பாத்திக்குச் சுவர் இல்லை. குறை அங்கேதான்.

கிழங்கு மேல் மண்ணிலேயே படரும். ஆகவே ஓர் அடி ஆழத்துக்குச் செங்கல் சுவர் வைத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். அங்கேயே அழுகவிட்டால் எடுத்த சத்து மீண்டும் தண்ணீருக்கே போகும். இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கிழங்கைத் தோண்டிக் குறைக்க வேண்டும். தோண்டிய கிழங்கை மழைநீர் வடிகாலில் போடக் கூடாது, ஒரு முளை இருந்தாலும் வளர்ந்துவிடும். கொசு வராமலிருக்க, தண்ணீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்குக் கீழேயே நிற்க வேண்டும்.

செடியை எடுத்துவிட்டால் நடைபாதை சுத்தமாகும், ஆனால் துவைத்த தண்ணீர் அதே இடத்தில்தான் வந்து தேங்கும். எனவே பொதுக்குழுவில் சுவருக்கான செலவையும் சேர்த்துப் பேசி முடிவெடுப்போம்.