நொக்ஸ் கண்ட மூவகைத் தேன்

கண்டி இராச்சியத்திற் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், அருவியாற்றின் வழியே காடு கடந்து, 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் நாள் மன்னார்க் கரையிலுள்ள அரிப்பு ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். இலங்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. அதற்கு முன்னுரை வரைந்தவர், தேனீயின் கொடுக்கை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்த றொபேட் ஹூக் என்பது சுவையான செய்தி.

நொக்ஸ் தேனீக்களை மூவகையாகப் பகுக்கின்றார். மரப்பொந்தில் வாழ்வது ஒன்று. உயர்ந்த கிளைகளிற் கூடு தூக்கும் பெருந்தேனீ மற்றொன்று; அதன் தேன் நீர்போல் மெல்லியது என்கின்றார். மூன்றாவது, ஈயளவான கரிய சிறு தேனீ. பெயர்களைச் சிங்களத்திலேயே தருவதால், இப்பகுப்பு அந்நாட்டு மக்களுடைய அறிவே என்பது தெளிவு. மன்னாரின் பெருநிலக் காடுகளும் இம்மூவகைக்கும் இருப்பிடமே.

நீர்த்த தேனைக் கலப்படமென ஐயுறுவது இன்றும் வழக்கம். தேனீயின் தலைச் சுரப்பிகள் மலர்மதுவிற் சேர்க்கும் நொதியங்களை அறிந்தோர் அவ்வாறு விரைந்து முடிவுகட்டார். இன்வேற்றேசு சுக்குரோசைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிளக்கும். குளுக்கோசு ஒட்சிடேசு, குளுக்கோசிலிருந்து ஓர் அமிலத்தையும் ஐதரசன் பேரொட்சைட்டையும் தோற்றுவிக்கும். பின்னதே தேனின் கிருமியெதிர்ப்புக்குக் காரணமென 1963இல் அமெரிக்கரான ஜொனதன் வைற் குழுவினர் காட்டினர். அந்நொதியமோ முற்றிய கட்டித் தேனில் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும். நீர் சேர்ந்தபோதே விழித்தெழும். ஆகவே, நீர்மை ஒன்றையே கொண்டு தேனீயின் உழைப்பு அதிற் குறைவென்று துணிதல் பொருந்தாது.

நொதியத்திற்குப் பகை வெப்பம். 30 பாகை செல்சியசில் இன்வேற்றேசின் ஆற்றல் ஏறத்தாழ 83 நாளிலும், மாப்பொருளைப் பிளக்கும் டயஸ்டேசின் ஆற்றல் 200 நாளிலும் பாதியாகும் என்பது அதே குழுவினரின் 1964ஆம் ஆண்டுக் கணிப்பு. மன்னாரின் வெக்கையில் அடுப்பேறாத தேனும் போத்தலிலிருந்தே நலியும். 2001இல் திருத்தப்பட்ட கோடெக்ஸ் சர்வதேச நியமமோ, பொதுவாக நீர் நூற்றுக்கு 20இற்கு மேற்படலாகாது, டயஸ்டேசு 8 அலகிற்குக் குறையலாகாது என்கின்றது. பெருந்தேனீயின் தேன் முதல் விதியிற் பெரும்பாலும் தவறும். நீர் போக்கக் காய்ச்சினால் இரண்டாவதிலும் தவறக்கூடும்.

மூன்றாம் வகையை அறிவியல் கவனித்தது இன்னும் பிந்தியே. மலேசியா, அவுஸ்திரேலியா, பிரேசில் ஆகிய நாடுகளின் கொட்டாத தேனீ இனங்கள் சிலவற்றின் தேனில் திரெகலுலோசு என்னும் அரிய சர்க்கரை மிகுந்திருத்தல் 2020இலேதான் வெளியாயிற்று. நொக்ஸ் கண்ட நாட்டில், மரத்தைத் துளைத்து அத்தேனை எடுத்தவர்கள் சிறுவர்கள்.