நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது?

நம் கல்வராயன் மலைக்கு வடக்கே, ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் ஒரு வானாய்வகம் இருக்கிறது. 1968-ல் வைணு பாப்பு தொடங்கியது. நட்சத்திரங்களில் என்னென்ன பொருள் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுவதும் அங்கே நடக்கும் வேலை. "போகாத இடத்தில் இருப்பதை எப்படிச் சொல்கிறார்கள்?" என்று கரியாலூரில் என்னைக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1835-ல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் கோம்த், இது மனிதனால் அறியவே முடியாதது என்றார்.

அடுப்புத் தீயில் உப்பு விழுந்தால் சுடர் மஞ்சளாகும். அது சோடியத்தின் நிறம். சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடியால் பிரித்தால், அந்த மஞ்சள் வரும் இடத்தில் கறுப்புக் கோடு தெரியும். சூரியனிலும் சோடியம் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனிக் கோடுகள் உண்டு என்று 1859-ல் ஜெர்மனியின் கிர்க்காஃப், புன்சன் இருவரும் காட்டினார்கள்.

ஆனால் கோடு அழுத்தமாக இருந்தால் பொருளும் அதிகம் என்று சொல்லிவிட முடியாது. சூடு ஏற ஏற அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கும், கோடுகளும் மாறும். இதற்கான சமன்பாட்டை 1920-ல் கொடுத்தவர் மேகநாத் சாகா. டாக்கா அருகே கிராமத்தில் சிறு கடைக்காரர் ஒருவரின் மகன்.

அந்தச் சமன்பாட்டை வைத்து 1925-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் சிசிலியா பெய்ன் கணக்கிட்டார். வயது 25. நட்சத்திரங்களில் மிகப் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்று விடை வந்தது. பூமியைப் போலவே சூரியனும் என்று நம்பியிருந்த காலம் அது. பெரிய பேராசிரியர் ஹென்றி ரஸ்ஸல் ஏற்கவில்லை. அதனால் அந்த விடை உண்மையாக இருக்காது என்று தன் ஆய்வேட்டில் பெய்னே எழுதவேண்டி வந்தது. 1929-ல் ரஸ்ஸல் வேறு வழியில் கணக்கிட்டு, பெய்ன் கண்டதே சரி என்று ஒப்புக்கொண்டார். சூரியனின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன்.

காவலூரில் 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதற்குப் பாடுபட்ட பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். ஆய்வகத்துக்கு இப்போது அவர் பெயர். அங்கே நட்சத்திர ஒளியைப் பிரித்துக் கணக்குப் போடும்போது இன்றும் சாகாவின் சமன்பாடு தேவைப்படுகிறது. சின்ன வயதுக்காரர் போட்ட கணக்கைத் தள்ளுவதற்கு முன், நம்மைப் போன்ற மூத்தவர்கள் ஒருமுறை நாமே போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.